கேட்காத மன்னிப்பு

சாய்ந்தமருது
21.09.2025

மச்சானுக்கு,

அஸ்ஸலாமு அலைக்கும்.

நீங்கள் போன நாளிலிருந்து போன் அடித்துக்கொண்டே இருக்கிறீர்கள். நான் எடுக்கவில்லை. எடுக்கவும் மாட்டேன். போனில் ஒன்றைச் சொல்வீர்கள், மறுநாள் கேட்டால் "நான் அப்பிடிச் செல்லலியே" என்பீர்கள். கலியாணம் முடித்த நாளிலிருந்து இதைக் கேட்டுக் கேட்டு எனக்கு அலுத்துவிட்டது. இனி எதைச் சொல்வதானாலும் எழுதுங்கள். கச்சிமுகம்மது காக்கா கைத்தறிச் சாரம் ஏற்ற மருதமுனைக்கு ஓட்டோவில் வருகிறார். நீங்கள் போய்த் தங்கியிருக்கும் உங்கள் கூடப்பிறந்த ராத்தா வீட்டு வாசலில் நிறுத்தி இதைத் தருவார். பதிலையும் அவரிடமே கொடுங்கள். எழுதியதை மறுக்க முடியாது அல்லவா?

நடந்ததை நானே ஒரு தரம் எழுதிவிடுகிறேன். நீங்கள் அதையும் மறப்பதற்கு முன்னால்.

வெள்ளிக்கிழமை இஷாத் தொழுகைக்குப் பிறகு பள்ளிவாசல் நம்பிக்கையாளர் சபை உங்களை நிற்கச் சொன்னது. வீட்டுக்கு வந்து, சட்டையைக் கழற்றிக்கொண்டே, "எல்லாம் முடிஞ்சி பஸ்மிலா. நான் மன்னிப்புக் கேட்டுட்டன். இனிம அந்தப் பாடத்தப் படிப்பிக்க மாட்டா எண்டு சொல்லும் குடுத்துட்டன்" என்றீர்கள். சொல்லிவிட்டுத் தேத்தண்ணி கேட்டீர்கள்.

அந்தத் தேத்தண்ணியை நினைத்தால் இப்போதும் எனக்குப் பற்றிக்கொண்டு வருகிறது.

எந்தப் பாடம்? உயர்தர உயிரியலின் முதல் அலகு. உயிர் எப்படித் தோன்றியது என்பதற்கான கொள்கைகளும், உயிருள்ளவற்றின் இயல்புகளும். நவம்பரில் சோதனை. நம் வீட்டுப் பின் மண்டபத்தில் வந்து படிக்கும் பிள்ளைகளுக்கு அதை மீட்டிக்கொடுத்துக்கொண்டிருந்தேன். அந்த அலகை விட்டுவிட்டால் அந்தக் கேள்விக்கு அவர்கள் எதை எழுதுவது? "டீச்சரின் புருஷன் மன்னிப்புக் கேட்டுவிட்டார்" என்றா?

நான் தொழாதவளா? பிஸ்மி சொல்லாமல் ஒரு வகுப்பையாவது தொடங்கியிருக்கிறேனா? படைத்தவன் அல்லாஹ். அதில் எனக்குக் கடுகளவும் சந்தேகம் இல்லை. விஞ்ஞானிகள் என்னென்ன நினைத்தார்கள், எதைச் சோதித்தார்கள், எதில் தோற்றார்கள் என்று பிள்ளைகளுக்குச் சொல்வதால் என் ஈமான் குறையவில்லை. அவர்களுடையதும் குறையாது. விசேட படைப்புக் கொள்கையும் அதே பாடத்தில்தான் இருக்கிறது. முதலாவதாக அதைத்தான் படிப்பிக்கிறேன். இதெல்லாம் என்னிடம் கேட்டிருந்தால் சொல்லியிருப்பேன். நீங்கள் கேட்கவில்லை.

நான் சத்தம் போட்டேன், ஓம். நீங்கள் உடனே பையில் உடுப்பைத் திணித்துக்கொண்டு, "இது உன்ட ஊடுதானே, நான் போறன்" என்று இறங்கினீர்கள். போகச் சொன்னது யார்?

ஒரேயொரு கேள்வி. சபையில் அவர்கள் என்ன கேட்டார்கள், நீங்கள் என்ன சொன்னீர்கள்? சுற்றி வளைக்காமல் எழுதுங்கள்.

பஸ்மிலா


மருதமுனை
24.09.2025

அன்புள்ள பஸ்மிலா,

வஅலைக்குமுஸ்ஸலாம்.

உன் கடிதத்தைக் காக்கா கொண்டுவந்து கொடுத்தபோது ராத்தா, ராத்தாவின் புருஷன், தறியில் நெய்ய வரும் பெட்டைப் பிள்ளைகள் எல்லோரும் பார்த்துக்கொண்டிருந்தார்கள். விவாகரத்துக் கடிதம் என்று நினைத்திருப்பார்கள் போல.

கேட்டதற்குப் பதில் எழுதுகிறேன். ஆனால் முதலிலிருந்து சொல்ல வேண்டும், இல்லாவிட்டால் உனக்கு விளங்காது.

அந்தச் சபைக்கு ஒரு கிழமைக்கு முன் மீன் சந்தையில் ஹிஷாமைக் கண்டேன். உன்னிடம் படிக்கும் அம்ஹாவின் வாப்பா. மீன் வெட்டிக்கொண்டே கேட்டார்: "என்ன நளீம், உங்கட டீச்சர் மனிசன் சூப்புல இரிந்து வந்த எண்டு படிப்பிக்கிறாவாமே?" பக்கத்தில் நின்றவர்கள் எல்லாம் திரும்பிப் பார்த்தார்கள். மீனையும் மறந்துவிட்டு வந்தேன். அன்றைக்குப் பிறகு எனக்கு நித்திரை இல்லை. உன்னிடம் சொன்னால் சண்டை வரும் என்று சொல்லவில்லை.

பிறகு அந்த வெள்ளிக்கிழமை உன் மாமா, மீராசாஹிபு ஹாஜியார், தொழுகை முடிந்ததும் என் தோளில் தட்டி, "கொஞ்சம் நில்லுங்க மாப்புள, உங்கட ஊட்டு வகுப்பப் பத்திக் கதைக்க இரிக்கி" என்றார். சபைத் தலைவரே சொல்கிறார். நான் வேறு என்ன நினைப்பது? விஷயம் சபை வரை போய்விட்டது என்று விளங்கிவிட்டது. அவர்கள் வாய் திறப்பதற்கு முன் நானே எழும்பி மன்னிப்புக் கேட்டேன். "என்ன பாடம்?" என்று ஒருவர் கேட்டார். எனக்குத் தெரிந்த அளவில் விளங்கப்படுத்தினேன். அவ்வளவுதான்.

நீ கேட்டபடி நேராகவே சொல்கிறேன். அவர்கள் என்ன கேட்க இருந்தார்கள் என்று எனக்குத் தெரியாது. கேட்க விடவில்லை.

இதைப் படித்துவிட்டு நீ பல்லைக் கடிப்பாய். ஆனால் ஒரு விஷயம் உனக்கு விளங்காது பஸ்மிலா. நீ பிறந்த தெரு அது. சபையில் இருப்பவர்களில் பாதிப்பேர் உனக்கு மாமா, சாச்சா. நீ சத்தம் போட்டாலும் "நம்மட புள்ள" என்று சிரிப்பார்கள். நான் கலியாணம் முடித்து உன் வீட்டுக்கு வந்து குடியேறினவன். இன்னும் அங்கே என் பெயர் மாப்பிள்ளைதான். இந்தக் கிழக்குக் கரையில் எல்லா ஆம்பிளைக்கும் இதுதான் விதி, ஓம். பெண்ணுக்கு வீடு, மாப்பிள்ளைக்கு அந்தத் தெருவில் நல்ல பெயர். அந்தப் பெயர் ஒன்றுதான் எனக்கு அங்கே சொந்தம். அது போனால் எனக்கு என்ன மிச்சம்?

நான் கமநல நிலையத்தில் நெல்லும் பசளையும் பார்க்கிற ஆள். உன் பாடம் எனக்குத் தெரியாதுதான். உன்னைக் காப்பாற்றத்தான் போனேன்.

நளீம்


சாய்ந்தமருது
28.09.2025

அஸ்ஸலாமு அலைக்கும்.

காப்பாற்றியது போதும்.

நேற்று மாமாவின் மகள் சிபானாவைக் கல்முனைப் பேருந்து நிலையத்தில் கண்டேன். முகத்தைப் பார்க்கக் கூச்சப்பட்டுக்கொண்டு நின்றாள். பிறகு அவளே வாயைத் திறந்தாள். "மதினி, வாப்பா அண்டைக்கு மச்சான நிக்கச் செல்லின மீன் நாத்தத்துக்குத்தான். மறுகா மச்சான் என்னென்னமோ கதச்சிட்டாராம்."

மீன் நாற்றம். விளங்குகிறதா?

பிள்ளைகளுக்காக மூன்று ஜாம் போத்தலில் சூரை மீன் துண்டு போட்டு மதிலோரம் வைத்திருந்தேன். ஒன்று திறந்தபடி, ஒன்றுக்கு நுளம்பு வலைத் துணி, மற்றது இறுக்க மூடியது. செத்த இறைச்சியில் புழு தானாகப் பிறக்கிறதா, ஈ வந்து முட்டையிட்டதால் பிறக்கிறதா என்று பார்ப்பதற்கு. திறந்த போத்தலில் மட்டும் புழு நெளிந்தது. பிள்ளைகள் மூக்கைப் பொத்திக்கொண்டு எழுதினார்கள். நான் போத்தல்களை எடுக்க மறந்துவிட்டேன். கச்சான் காற்று முழு நாற்றத்தையும் மதிலுக்கு அப்பால், பள்ளிவாசலில் தொழுகைக்கு முன் கைகால் கழுவி உளூச் செய்கிற இடத்துக்குக் கொண்டுபோயிருக்கிறது. மாமா சொல்ல இருந்தது ஒரு வசனம்: "டீச்சரிட்ட செல்லி அந்தப் போத்தல எடுக்கச் செல்லுங்க மாப்புள." அதற்கு நான் நாணிச் சிரித்துக்கொண்டு எடுத்திருப்பேன். விஷயம் அதோடு முடிந்திருக்கும்.

நீங்கள் என்ன செய்தீர்கள்? நாற்றத்தைப் பற்றிக் கேட்க வந்தவர்களிடம் உயிரின் தோற்றத்துக்கு மன்னிப்புக் கேட்டீர்கள்! ஒன்றுமே தெரியாமல் இருந்தவர்களுக்கு உட்கார்ந்து விளங்கப்படுத்தியும் விட்டீர்கள்!

ஹிஷாம் நாநா சந்தையில் சொன்னது பகிடி. உயிர் தோன்றிய ஆதிக் கடலைச் சூப்புக்கு ஒப்பிடுகிற பாடத்தை, அம்ஹா சாப்பாட்டு நேரம் வாப்பாவைச் சிரிக்கவைக்கச் சொல்லியிருக்கிறாள். ஊரே சிரித்திருக்கிறது, உங்களுக்கு மட்டும் அது கேட்கவில்லை.

உயிரில்லாத ஒன்றிலிருந்து உயிர் தானாக வந்துவிடும் என்ற தன்னிச்சைப் பிறப்புக் கொள்கை பிழை என்றுதான் நான் படிப்பிக்கிறேன். இந்தப் பிரச்சினையும் தானாகப் பிறக்கவில்லை மச்சான். ஒரு ஈ வந்து முட்டையிட்டது. அந்த ஈ யார் என்று நான் சொல்ல வேண்டியதில்லை.

பாதிப் பிள்ளைகள் நின்றுவிட்டார்கள். மற்றவர்களாவது பள்ளிக்கூடப் பாடத்தை வைத்துச் சமாளிப்பார்கள். அம்ஹா இரண்டாம் தரம் சோதனை எடுக்கிறாள். போன தரம் மருத்துவத்துக்கு மயிரிழையில் தவறியவள். இது அவளுக்குக் கடைசி. மூன்றாம் தரம் எடுக்க வாப்பா விடமாட்டார். நான் வெட்கத்தை விட்டு அவர் வீட்டுக்குப் போனேன். மனிதர் கோபப்படவில்லை. கதிரை எடுத்துப் போட்டுவிட்டுச் சொன்னார்: "டீச்சர், உங்கள நான் பிழையா நினைக்கல்ல. ஆனா உங்கட புருஷனே சபையில எழும்பி மன்னிப்புக் கேட்டிருக்காரெண்டா அதுல ஏதோ பிழை இரிக்கத்தானே வேணும்?"

இதற்கு நான் என்ன பதில் சொல்வது? நீங்களே சொல்லுங்கள்.

மாமாவிடமும் போனேன். அவருக்கும் சங்கடம்தான். "மாப்புள செல்லின சொல்ல மாப்புளதான் வந்து திருப்பி எடுக்க வேணும் மகள். நீங்க வந்து மாத்தினா சபைக்கு முன்னால அவர்ர மரியாத என்னாகும்?" என்றார். உங்கள் மரியாதைக்காக ஒரு பிள்ளை வீட்டில் உட்கார்ந்திருக்கிறாள்.

சபைக்குப் போய், பிறகு ஹிஷாம் நாநாவிடம் போய், உண்மையைச் சொல்லுங்கள். அம்ஹா திரும்பி வர வேண்டும். வேறு எதுவும் எனக்கு வேண்டாம்.

பஸ்மிலா


மருதமுனை
01.10.2025

அன்புள்ள பஸ்மிலா,

கடிதம் கிடைத்தது. இரண்டு தரம் வாசித்தேன். அன்றைக்கு வேலைக்குப் போகவில்லை. ராத்தா காய்ச்சலா என்று நெற்றியைத் தொட்டுப் பார்த்தா.

மீன் விஷயம் எனக்குத் தெரியாது. சத்தியமாகத் தெரியாது. வீட்டுக்குள் நாற்றம் அடித்தது, ஓம். ஆனால் சாக்கடை என்று நினைத்தேன். நீயும் ஒரு வார்த்தை சொல்லவில்லை. "மதிலில் மீன் வைத்திருக்கிறேன், யாரும் கேட்டால் இதுதான்" என்று சொல்லியிருந்தால் நான் இந்தக் குழிக்குள் விழுந்திருப்பேனா? நான் உன்னிடம் கேட்கவில்லை என்கிறாய். நீ என்னிடம் எதைச் சொல்கிறாய்? அந்த வீட்டில் எது எங்கே இருக்கிறது என்று எனக்குக் கடைசியாகத்தான் தெரியவருகிறது.

சரி, என் பிழை பெரியது. ஆனால் இப்போது திரும்பப் போய்க் கிளறினால் இன்னும் பரவும். சபையில் இருப்பவர்கள் என்ன நினைப்பார்கள்? அன்றைக்கு ஒன்று சொன்னான், இன்றைக்கு வேறொன்று சொல்கிறான் என்று சிரிப்பார்கள். நான் யோசித்து ஒரு வழி கண்டுபிடித்திருக்கிறேன். அந்த அலகின் குறிப்பை நீ கையால் எழுது. நான் கல்முனையில் போட்டோகொப்பி அடித்து, உறையில் போட்டு, அம்ஹாவின் கையில் கிடைக்கச் செய்கிறேன். யாருக்கும் தெரியாது. வகுப்பில் அந்த அலகைத் தொடாதே. பிள்ளையும் படிக்கும், சொன்ன சொல்லும் காப்பாற்றப்படும்.

கொஞ்சம் பொறுமையாக யோசி. கம்பஸில் படிக்கிற நம் மகனுக்குச் சோதனை நடக்கிறது, அவனிடம் எதையும் சொல்லாதே.

நளீம்


சாய்ந்தமருது
03.10.2025

மச்சான்,

உறையில் போட்டு ஒளித்துக் கொடுப்பதற்கு அது என்ன களவுச் சாமானா? கஞ்சாவா? அரசாங்கம் அச்சடித்த பாடம். ஒளித்துக் கொடுத்தால் அது பிழையான பாடம் என்று நானே ஒப்புக்கொண்ட மாதிரி. அந்தப் பிள்ளை அதைத் தலையணைக்குக் கீழே வைத்துப் படிக்க வேண்டுமா?

மீனைப் பற்றிச் சொல்லாதது என் பிழை. ஏற்றுக்கொள்கிறேன். நீங்கள் சொன்ன மற்றதும், அந்த வீட்டில் உங்களுக்குக் கடைசியாகத்தான் தெரியவருகிறது என்பதும், எனக்குக் குத்தியது. அதை இல்லை என்று எழுத என்னால் முடியவில்லை. அதைப் பற்றி நாம் கதைக்கலாம். ஆனால் அதையும் இதையும் போட்டுக் குழப்பாதீர்கள். நமக்குள் இருக்கிற கணக்குக்கு அம்ஹா கடனாளி இல்லை.

இன்று மாலை வகுப்பு முடிந்து வாசலுக்கு வந்தேன். அம்ஹா எதிர்ப்பக்கம் நின்றுகொண்டிருந்தாள், கையில் கொப்பியோடு. கடைக்கு வந்த மாதிரி ஒரு பாவனை. நான் கூப்பிட்டேன். "வாப்பா கோபப்படுவாங்க டீச்சர்" என்றாள். பிறகு ரோட்டைக் கடக்காமலே, அந்தப் பக்கத்தில் நின்றுகொண்டே கேட்டாள்: "டீச்சர், வைரஸுக்கு இனப்பெருக்கம் இரிக்கி, ஆனா சுவாசம் இல்ல, போசணை இல்ல, வளர்ச்சி இல்ல. மறுகா அத உயிருள்ளது எண்டு எழுதவா, இல்ல எண்டு எழுதவா?"

ஒரு பக்கம் லொறி போகிறது, மறுபக்கம் மோட்டார் சைக்கிள் போகிறது. நான் இந்தப் பக்கத்திலிருந்து தொண்டை கிழியக் கத்திப் பதில் சொன்னேன். கடைக்காரர்கள் எல்லாம் பார்த்தார்கள். எனக்கு அழுகை வந்துவிட்டது மச்சான். ஆத்திரத்தில் வந்த அழுகை.

உயிருள்ளவற்றின் இயல்புகளில் உறுத்துணர்ச்சி என்று ஒன்று இருக்கிறது. வெளியில் ஒன்று நடந்தால் அதற்கு ஏற்றபடி அசைவது. தொட்டாச்சிணுங்கிக்குக் கூட அது இருக்கிறது. உங்களுக்கு ஆபத்து வராத இடத்தில் மட்டும்தான் அது வேலை செய்கிறதா?

போட்டோகொப்பி வேண்டாம். சபைக்குப் போங்கள்.

பஸ்மிலா


மருதமுனை
11.10.2025

அன்புள்ள பஸ்மிலா,

அஸ்ஸலாமு அலைக்கும்.

போனேன்! நேற்று ஜும்ஆவுக்கு நம் பள்ளிக்கே வந்தேன். நீ அறிந்திருப்பாய், ஆனால் என் வாயால் சொல்ல வேண்டும்.

தொழுகை முழுக்க என் மனம் தொழுகையில் இல்லை, அல்லாஹ் மன்னிக்க வேண்டும். முடிந்ததும் மாமாவிடம் போய், "சபைய ஒருக்காக் கூட்டுங்க, எனக்குக் கதைக்க இரிக்கி" என்றேன். அவர் முகத்தில் பயம் தெரிந்தது. இன்னும் எதற்கு மன்னிப்புக் கேட்கப் போகிறானோ என்று நினைத்திருப்பார்.

எல்லோரும் உட்கார்ந்தார்கள். ஹிஷாமையும் கூப்பிடச் சொன்னேன். எழும்பினேன். சொன்னேன்: நீங்கள் அன்றைக்குக் கேட்க இருந்தது மீன் நாற்றத்தைப் பற்றி. நான் பயத்தில் அவசரப்பட்டு வேறு எதற்கோ மன்னிப்புக் கேட்டுவிட்டேன். டீச்சர் எந்தப் பிழையும் செய்யவில்லை, அது சோதனைக்கு வருகிற பாடம் என்றேன். ஒரு பெரியவர் சிரித்துவிட்டார். சிரிக்கட்டும் என்று நின்றேன். நீ அதை நம்பமாட்டாய், ஆனால் உண்மையாகவே நின்றேன்.

மாமா, "அப்ப டீச்சர் படிப்பிக்கலாமா, கூடாதா? ஒரு முடிவச் செல்லுங்க மாப்புள" என்றார். நான் தெளிவாகச் சொன்னேன்: "எனக்கு ஒரு ஆட்சேபனையும் இல்ல. நான் அவவுக்குப் பூரண அனுமதி குடுக்கிறன்." எல்லோரும் தலையாட்டினார்கள். ஹிஷாம் என் கையைப் பிடித்து, "இத அண்டைக்கே செல்லியிருக்கலாமே. ஞாயிற்றுக்கிழம புள்ளய அனுப்புறன்" என்றார்.

அவ்வளவு பேருக்கு முன்னால் என் தலையை நானே இறக்கினேன் பஸ்மிலா. வெளியே வந்தபோது, நினைத்த அளவு வெட்கமாக இருக்கவில்லை. உடம்பு லேசாக இருந்தது.

நான் வீட்டுக்கு வரலாமா? இங்கே தறிச் சத்தம் விடிய முன்னமே தொடங்கிவிடுகிறது. ராத்தாவும் நான் எப்போது போவேன் என்று வாயால் கேட்காமல் கண்ணால் கேட்கிறா.

நளீம்


சாய்ந்தமருது
13.10.2025

மச்சானுக்கு,

வஅலைக்குமுஸ்ஸலாம்.

அம்ஹா நேற்று வந்தாள். முன் வாங்கில் உட்கார்ந்தாள். நின்றுபோன மற்றப் பிள்ளைகளும் அவளுக்குப் பின்னால் ஒவ்வொருவராக வந்து சேர்ந்தார்கள். விட்ட இடத்திலிருந்து தொடங்கினேன். நீங்கள் சபையில் எழும்பி நின்றதை மாமா வந்து சொன்னார். எனக்குக் கண் கலங்கியது. அதை மறைக்கப் போவதில்லை. அது உங்களுக்கு எவ்வளவு கஷ்டம் என்று எனக்குத் தெரியும். ஜஸாகல்லாஹ், அல்லாஹ் உங்களுக்கு நற்கூலி தரட்டும்.

நான் இந்தக் கடிதத்தை இதோடு முடிக்கத்தான் இருந்தேன். பிறகு உங்கள் கடிதத்தை எடுத்துத் திரும்ப வாசித்தேன். "பூரண அனுமதி."

நான் உங்களிடம் அனுமதி கேட்டேனா?

என்னைக் கேட்காமல் மன்னிப்புக் கேட்டீர்கள். இப்போது நான் கேட்காமலே அனுமதியும் கொடுத்துவிட்டீர்கள். இரண்டு தரமும் சபையில் என் பாடத்தைப் பற்றிக் கதைத்தவர் நீங்கள், தலையாட்டியவர்கள் அவர்கள். நான் வீட்டில் கரும்பலகைக்கு முன்னால் வெண்கட்டியோடு நிற்கிறேன். பிள்ளை திரும்பி வந்தது என் பாடம் சரி என்பதால் இல்லை, புருஷன் சரி என்று சொன்னதால். நாளைக்கு நீங்கள் வேறு எதற்காவது பயந்தால் அவள் திரும்பவும் ரோட்டுக்கு அந்தப் பக்கம் நிற்பாள். இது உங்களுக்கு விளங்குகிறதா, விளங்கவில்லையா என்று எனக்குத் தெரியவில்லை. அதுதான் என்னைக் களைக்க வைக்கிறது. கோபப்படக் கூட இப்போது எனக்குத் தெம்பில்லை.

இன்னொன்று. அம்ஹா நேற்றுக் கேட்டாள்: "டீச்சர், நளீம் மாமா சபையில ஒரு வெள்ளக்காரன் போத்தலுக்குள்ள உசிரப் படச்ச எண்டு செல்லினாராமே, அது எந்தக் கொள்கை?"

முதல் தரம் சபைக்கு நீங்கள் விளங்கப்படுத்தியது இதைத்தானா? அப்படி ஒரு கொள்கை இல்லை மச்சான். மெதேன், அமோனியா, ஐதரசன், நீராவி எல்லாவற்றையும் ஒரு குடுவைக்குள் விட்டு மின்பொறி பாய்ச்சினார்கள். கிடைத்தது அமினோ அமிலங்கள். உயிர் இல்லை. உயிரை இன்றுவரை யாரும் எந்தப் போத்தலிலும் உண்டாக்கவில்லை. நீங்கள் மன்னிப்புக் கேட்டது நான் படிப்பிக்காத ஒரு பாடத்துக்கு. அனுமதி கொடுத்ததும் அதற்குத்தான்.

வீட்டுக்கு வரலாமா என்று கேட்டிருக்கிறீர்கள். வாருங்கள். ஆனால் முன்வாசலால் இப்போது வேண்டாம். ஞாயிற்றுக்கிழமை இரண்டு மணிக்கு வகுப்பு. பின்பக்கப் படலை திறந்திருக்கும். கடைசி வாங்கில் ஓரமாக இடம் இருக்கிறது. பிள்ளைகளோடு பிள்ளையாக உட்கார்ந்து அந்த அலகை முழுக்கக் கேளுங்கள். விளங்காவிட்டால் கையை உயர்த்துங்கள்.

பஸ்மிலா